1999 செரோக்கியின் ஹீற்றர்: ஸ்காபரோக் கராஜ் ஒன்றின் வேலை பற்றி

கடந்த ஜனவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் இரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு கராஜில், என்னுடைய 1999ஆம் ஆண்டு ஜீப் செரோக்கியின் ஹீற்றரைத் திருத்திக்கொண்டேன். வெளியே மைனஸ் 14 பாகையாக இருந்த அன்று காலை 31 பாகைக் காற்றை ஊதிக்கொண்டு உள்ளே போன வண்டி, மாலையில் 58 பாகைக் காற்றோடு வெளியே வந்தது. டாஷ்போட்டைக் கழற்றவில்லை, ஹீற்றர் கோரையும் (எஞ்சினின் வெந்நீர் ஓடி, ஊதும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேற்றர்) மாற்றவில்லை. வரியோடு சேர்த்து நான் கொடுத்தது 418 டொலர் 10 சதம். இதே குறைக்கு வேறோர் இடத்தில் எனக்குச் சொன்ன தொகை 1,650 டொலர். கராஜின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். இப்போதே மூன்று வாரத்துக்கு முன் பதிவு செய்தால்தான் அவரிடம் இடம் கிடைக்கிறது. ஆகவே அவர் செய்த வேலையைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன். வேறு எந்தக் கராஜுக்குப் போனாலும் என்ன கேட்க வேண்டும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

செரோக்கியின் இந்த உருவம் 1984 முதல் 2001 வரை வந்தது. என்னுடையதில் இருப்பது ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 4.0 லீற்றர் எஞ்சின். எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ற் ஏறத்தாழ 11 லீற்றர் அதில் சுற்றுகிறது. கூலன்றை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாற் திறக்க வேண்டிய வெப்பநிலை 195 பாகை பரனைற், அதாவது 91 பாகை செல்சியஸ் அளவில். இந்த எஞ்சின் தரும் சூட்டில் குறைவே கிடையாது. நல்ல நிலையில் உள்ள செரோக்கியில் கால் மணி நேரம் ஓடினால் ஜக்கெற்றைக் கழற்ற வேண்டி வரும். அப்படிப்பட்ட வண்டியில் வெதுவெதுப்பான காற்று மட்டும் வருகிறதென்றால், எஞ்சினுக்கும் உங்கள் காலுக்கும் இடையே எங்கோ சூடு நின்றுவிடுகிறது என்று பொருள். அது எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. கண்டுபிடித்தபின் செய்வது பெரும்பாலும் சிறிய வேலை.

என் வண்டியில் குறை இரண்டாவது குளிர்காலத்தில் தெரியத் தொடங்கியது. 401 நெடுஞ்சாலையில் ஓடும்போது ஓரளவு தாங்கக்கூடிய சூடு இருக்கும். சிவப்பு விளக்கில் நின்றால் ஒரு நிமிடத்துக்குள் காற்று ஆறிவிடும். விசிறி பலமாகவே ஊதியது. டாஷ்போட்டிலுள்ள எஞ்சின் வெப்பமானியின் முள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. முன்கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டிலும் உறைபனி கரையாமலே கிடக்க, நடுவில் ஒரு தட்டளவு இடத்தினூடாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பின் இருக்கையில் மகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் கண்ணாடி தெளியாத வண்டியைப் பனிக்காலத்தில் சாலையில் விடக் கூடாது. அதனால்தான் இந்த விடயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

முதலில் போன கராஜில் நான் சொன்ன குறையைக் கேட்டுவிட்டு, பொனற்றைத் திறக்கும் முன்பே தெர்மோஸ்டாற் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாற்றினார்கள்; 190 டொலர் வாங்கினார்கள்; சூடு கூடவில்லை, கொஞ்சம் குறைந்ததுபோலக்கூட எனக்குத் தோன்றியது. திரும்பிப் போனபோது, ஹீற்றர் கோர் அடைத்துவிட்டது, டாஷ்போட்டைக் கழற்றி மாற்ற வேண்டும், 1,650 டொலர் ஆகும் என்றார்கள். செரோக்கியில் அது உண்மையிலேயே பெரிய வேலை. ஹீற்றர் கோரும் ஏசியின் குளிர்கலனும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஏசி வாயுவை முறையாக இறக்கி, டாஷ்போட்டை விலக்கி, பெட்டியை வெளியே எடுத்துத்தான் கோரைத் தொட முடியும். இருபத்தைந்து வருடக் குளிரில் கிடந்த பிளாஸ்டிக் பகுதிகள் அந்த வேலையில் உடையாமல் தப்புவது அரிது. ஆனால் அவர்கள் எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டபோது பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் வேறிடம் தேடினேன்.

நண்பர் ஒருவர் சொல்லித்தான் இந்தச் சிறிய கராஜுக்குப் போனேன். உரிமையாளர் அறுபது வயதை நெருங்கும் யாழ்ப்பாணத்துக்காரர். வண்டியை முதல் நாள் இரவே கொண்டுவந்து விடச் சொன்னார்; எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ரேடியேற்றர் மூடியைச் சூடான எஞ்சினில் திறக்கவே கூடாது. உள்ளே 16 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 16 இறாத்தல்) அளவு அழுத்தத்தில் இருக்கும் கூலன்ற் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறியபின் திறந்து பார்த்தால்தான் உண்மையான மட்டமும் தெரியும். என்னுடையதில் அரை லீற்றருக்கு மேல் குறைவு. விரலை மூடியின் அடிப்பக்கத்தில் தேய்த்துக் காட்டினார். துருவும் களியும் கலந்த பழுப்பு நிறப் பசை ஒட்டியிருந்தது. அதன் பிறகு கூலன்றின் ஒரு துளியை ஒளிவிலகல்மானியில் வைத்து, தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கலவைக்கு உரிய, மைனஸ் 37 பாகைவரை உறையாத பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அது சரியாக இருந்தது. கலவை நன்றாக இருப்பதும் கூலன்ற் சுத்தமாக இருப்பதும் வெவ்வேறு விடயங்கள் என்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, பயணியின் பக்கமாக எஞ்சின் அறையின் பின்சுவருக்குள் நுழையும் இரண்டு இறப்பர்க் குழாய்களிலும் கறுப்பு ஒட்டுநாடாவைச் சுற்றினார். எதற்கு என்று கேட்டேன். தூரத்திலிருந்து வெப்பத்தைப் படிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, மினுங்கும் உலோகத்தில் பிடித்தால் பொய் சொல்லும்; கறுப்பான, மினுங்காத பரப்பில் பிடித்தால்தான் எண்ணை நம்பலாம் என்று விளக்கினார். ஒவ்வொரு இடத்திலும் நாடாவை ஒட்டி ஒட்டியே அவர் அளந்ததைப் பார்த்தபோது, வண்டியைச் சரியான கையில் கொடுத்திருக்கிறேன் என்ற நம்பிக்கை வந்தது. இருபது நிமிடம் கழித்து, விசிறியை முழு வேகத்தில் வைத்து அளந்தார். கோருக்குள் போகும் குழாய் 80 பாகை, திரும்பி வரும் குழாய் 39.

“தம்பி, கையுறையைக் கழற்றிப்போட்டு ரெண்டிலையும் ஒருக்கால் தொட்டுப் பாரும்” என்றார். ஒன்றில் கையை ஒரு கணத்துக்கு மேல் வைக்க முடியவில்லை. மற்றதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்போல இருந்தது.

இந்த இரண்டு குழாய்களிலேயே நோயின் பெரும்பகுதி தெரிந்துவிடுகிறது. இரண்டும் நன்றாகச் சுட்டால் வெந்நீர் கோருக்குள் தடையின்றி ஓடுகிறது. அப்படியானால் கூலன்றை விட்டுவிட்டுக் காற்றின் வழியைப் பார்க்க வேண்டும். ஒன்று சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால் தண்ணீர் மிக மெதுவாக ஊர்கிறது. கோர் அடைத்திருக்கலாம், காற்று மாட்டியிருக்கலாம், தண்ணீர்ப் பம்பின் சுழலி தேய்ந்திருக்கலாம். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சினே போதிய சூட்டுக்கு வரவில்லை. அப்போதுதான் தெர்மோஸ்டாற்றின் மேல் சந்தேகப்பட வேண்டும். நின்றால் ஆறி, ஓடினால் சூடாகும் என் வண்டியின் குணம், பம்ப் வேகமாகச் சுழலும்போது மட்டுமே கோருக்குள் ஓரளவு தண்ணீர் தள்ளப்படுகிறது என்பதைத்தான் காட்டியது. முதல் கராஜின் ஊகம் பாதி சரி என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கோர் அடைத்துத்தான் இருந்தது. ஆனால் அடைத்த கோரை மாற்றத்தான் வேண்டும் என்பதும், குறை அது ஒன்றுதான் என்பதும் தவறு.

உள்ளே போகும் குழாய் 80 பாகையைத் தாண்டாதது அவருக்கு உறுத்தியது. தெர்மோஸ்டாற் கூட்டின் மேலும் நாடாவை ஒட்டி அளந்தார்; 82ஐ ஒட்டியே நின்றது. கழற்றிப் பார்த்தபோது, முதல் கராஜ் போட்ட புதிய தெர்மோஸ்டாற்றின் உலோகத்தில் 180 என்ற எண் பொறித்திருந்தது. 180 பாகை பரனைற், அதாவது 82 செல்சியஸ். வெப்பமான ஊர்களில் சிலர் விரும்பிப் போடும் பகுதி அது; ரொறன்ரோக் குளிரில் அதைப் போடுவது ஹீற்றருக்கு வர வேண்டிய சூட்டில் 8 பாகைக்கு மேல் வீணாகத் தூக்கிக் கொடுப்பதாகும். வெப்பமானி முள் நடுக்கோட்டுக்குக் கீழே நின்றதை நான் முன்பே கவனித்திருந்தேன், ஆனால் புதிய பகுதி போட்டபின் அது இன்னும் சற்று இறங்கியதைப் பெரிதாக எடுக்கவில்லை. புதிதாக 195 தெர்மோஸ்டாற் போடும்போது, அதன் விளிம்பில் 3 மில்லிமீற்றரில் ஒரு துளையிட்டு, அந்தத் துளை மேலே இருக்கும்படி பொருத்தினார். சிறைப்பட்ட காற்று அதன் வழியே தப்பிவிடும் என்றார்.

கோரைக் கழுவிய விதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் வீட்டில் செய்து கோரை உடைத்துக்கொள்வது இங்கேதான். பழைய இறப்பர்க் குழாய்களை அவர் முறுக்கி இழுக்கவில்லை. மெல்லிய அலகால் நீளவாக்கில் கீறி, தோலை உரிப்பதுபோல் உரித்து எடுத்தார்; எப்படியும் அவற்றை மாற்றப்போகிறோம், இழுத்தால் கோரின் மூக்கு, அதாவது குழாய் செருகும் முனை, கிழியும் என்பது அவர் கணக்கு. வீட்டுக் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் இந்த அமைப்பு தாங்கும் 16 பிஎஸ்ஐயைவிட மிக அதிகம் என்பதால், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வ் ஒன்றை நடுவில் வைத்து 10 பிஎஸ்ஐக்கு இறக்கிக்கொண்டார். பிறகு, கூலன்ற் வழக்கமாக வெளியேறும் பக்கத்தால் வெந்நீரை உள்ளே விட்டார். வண்டல் எந்தத் திசையில் போய் இறுகியதோ அதற்கு எதிர்த்திசையில் தள்ளினால்தான் அது அசையும்.

மறுபக்கக் குழாயின் கீழே வெள்ளை வாளி ஒன்று வைத்திருந்தார். முதலில் வந்தது நூல்போல மெல்லிய ஒழுக்கு. அரை நிமிடத்தில் அது தேநீர் நிறமாகி, பின்னர் செங்கல் நிறமாகி, திடீரென்று ஒரு விக்கலோடு கறுப்புச் செதில்களைக் கக்கியது. வாளியின் அடியில் கைப்பிடி அளவு மணல்போலப் படிந்ததை விரலால் கிளறிப் பார்த்தேன். துருத்தூளும், யாரோ முந்தைய உரிமையாளர் ரேடியேற்றர் ஒழுக்கை அடைக்கப் போட்ட தூளின் பளபளப்பான துகள்களும் அதில் இருந்தன. அந்தத் தூள் ஒழுகும் சிறு துளையையும் கோரின் மெல்லிய குழாயையும் வேறுபடுத்தி அறியாது; இரண்டையும் அடைத்துவிடும். திசையை மாற்றி மாற்றி நான்கு முறை கழுவினார். பிறகு சித்திரிக் அமிலக் கரைசலை நிரப்பி, முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, கடைசியாகச் சுத்தமான தண்ணீரால் அலசினார். இறுதியில் தண்ணீர் விரல் தடிப்புக்கு, தெளிவாக வந்து விழுந்தது. கழுவிய நீர் முழுவதையும் மூடியிட்ட பீப்பாயில் சேர்த்தார். கூலன்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், நாய்கள் நக்கிக் குடித்துவிடும், சிறிதளவே உயிரை எடுக்கும். வீட்டில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் அதைத் தெருச் சாக்கடையில் ஊற்றாமல் மாநகரின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூட நான் மகிழ்ச்சியாகப் போயிருப்பேன். குழாய்கள் இப்போது 87க்கு 74 என்று காட்டின. வண்டி வாசலில் நின்றபடியே அந்த அளவு வந்தது. ஆனால் காற்று 44 பாகையில் நின்றுவிட்டது. 87 பாகைத் தண்ணீர் உள்ளே ஓடும்போது 44 பாகைக் காற்று வருவது கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி, அவர் முன்னிருக்கையின் காலடியில் மல்லாக்கப் படுத்து, விளக்கோடு டாஷ்போட்டின் அடியில் தலையை விட்டார். என்னுடைய செரோக்கியில் வெந்நீர் கோருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். சூட்டைக் கூட்டிக் குறைப்பது காற்றைக் கோரின் வழியாகவோ அதைத் தவிர்த்தோ அனுப்பும் ஒரு கதவு. அந்தக் கதவை இழுப்பது சூட்டுத் திருகியிலிருந்து வரும் ஒரு கேபிள். அதைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்து, கேபிளின் உறை சறுக்கிப் போயிருந்தது. திருகியை முழுச் சிவப்புக்குத் திருப்பினாலும் கதவு கடைசி ஒரு சென்ரிமீற்றர் மூடவில்லை. அந்த இடுக்கால் வெளிக்குளிர் கலந்துகொண்டே இருந்தது. என்னை உள்ளே அமர்த்தித் திருகியை இருபுறமும் கடைசிவரை திருப்பச் சொன்னார். உறையை இருக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளிக் கிளிப்பை இறுக்கினார். அடுத்தமுறை திருப்பியபோது, முன்பு ஒருபோதும் கேட்டிராத, கதவு போய் மோதும் சின்னச் சத்தம் கேட்டது. காற்று 58க்கு ஏறியது. இந்தப் பகுதிக்கு எடுத்த நேரம் பத்து நிமிடம். இதற்குத் தனியாக அவர் எதுவும் கேட்கவில்லை.

கூலன்றுக்குள் மாட்டிய காற்றை வெளியே எடுத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் ரேடியேற்றர் மூடி மிக உயர்ந்த இடத்தில் இல்லை. அதனால் நிரப்பும்போது காற்றுக் குமிழி மேலே மாட்டிக்கொள்ளும். வண்டியின் முன்பக்கத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, ஹீற்றரை முழுச் சூட்டில் விட்டு, தெர்மோஸ்டாற் திறந்து குமிழிகள் நிற்கும்வரை காத்திருந்தார். மறுநாள் ஆறியபின் மட்டத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். கால் லீற்றர் எடுத்தது.

கணக்கு இது. இரண்டரை மணி நேர வேலைக்கு 225 டொலர். தெர்மோஸ்டாற், அதன் இணைப்பில் ஒழுகாமல் வைக்கும் கஸ்கற், இரண்டு குழாய்கள், கவ்விகள், கூலன்ற் எல்லாமாக 145. அதன்மேல் 13 வீத வரி. வேலை தொடங்கும் முன் 350 டொலர் என்று கையால் எழுதித் தந்திருந்தார். ஒன்ராறியோ மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுதித் தந்த மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. புதிய பகுதிகளுக்கும் அவற்றைப் பொருத்திய கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. இதை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். கழற்றிய தெர்மோஸ்டாற்றையும் பழைய குழாய்களையும் நான் கேட்காமலே பையில் போட்டுத் தந்தார். கழுவிய கோர் மறுபடியும் அடைத்தால் அதற்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றும், அப்படி அடைத்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றும் நேராகச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுப்பதே இல்லை. நேரில் போய்த்தான் நாள் குறிக்க வேண்டும். காத்திருக்க ஒரு கதிரையும் மின்சூடாக்கி ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அந்த இடம் குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஏற்றதன்று. டாஷ்போட்டின் அடிப்பக்க மூடியைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு பிளாஸ்டிக் ஆணி உடைந்திருக்கிறது. அதை எனக்குச் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தபின் மேடுபள்ளத்தில் அது கடகடவென்று ஆடியபோதுதான் கண்டேன். போய்க் காட்டியதும் வருத்தம் தெரிவித்துப் புதியதைப் போட்டுக் கொடுத்தார். ஆனாலும் அதற்காக எனக்கு ஒரு சனிக்கிழமை போயிற்று.

என் வண்டியில் இல்லாமல் போன சில காரணங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கினார். விசிறி கடைசி வேகத்தில் மட்டும் சுற்றினால், அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்ரர் எரிந்திருக்கும். காற்றே மெலிந்து வந்தால், இந்த வண்டியில் கபின் வடிகட்டி இல்லாததால், முன்கண்ணாடியின் அடியிலுள்ள துவாரங்கள் வழியே விழுந்த மேப்பிள் இலைகள் உள்ளே குளிர்கலனில் பாய்போலப் படிந்திருக்கலாம். மேடு ஏறும்போது காற்று காலை விட்டுக் கண்ணாடிக்குத் தாவினால், காற்றின் திசையை மாற்றும் கதவுகளை இயக்கும் வெற்றிடக் குழாய் எங்கோ வெடித்திருக்கும். கண்ணாடியில் எண்ணெய்ப் படலமும் வண்டிக்குள் இனிப்பு வாசனையும் பயணியின் காலடியில் ஈரமும் இருந்தால் கோர் ஓட்டையாகிவிட்டது. அதைக் கழுவிப் பயனில்லை, 1,650 டொலர் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். குளிர்காற்றைத் தடுக்க ரேடியேற்றருக்கு முன் காகித மட்டை வைக்கலாமா என்று கேட்டேன். தெர்மோஸ்டாற் சரியாக மூடும் வண்டிக்கு அது தேவையில்லை, மூடாத வண்டிக்கு முப்பது டொலர்ப் பகுதி ஒன்றே போதும் என்றார்.

பெப்ரவரியில் ஒரு விடியற்காலை மைனஸ் 22 பாகையில் வெளியே நிறுத்தியிருந்த வண்டியை எடுத்து, 401இல் ஏறி மேற்கே போனேன். மிசிசாகா வருமுன் கண்ணாடியின் இரு கீழ் மூலைகளும் தெளிந்துவிட்டன. வண்டியை நிறுத்தியதும், நான் வாங்கி வைத்திருந்த அகச்சிவப்பு வெப்பமானியால் குழாய்களை நானே அளந்தேன், நாடா ஒட்டிய அதே இடத்தில்: 88, 75. அடுத்த ஒக்டோபரில் கூலன்றை மறுபடியும் முழுதாக மாற்றுவதற்கு அவரிடம் இப்போதே நாள் குறித்து வைத்திருக்கிறேன்.